விடுமுறைப் பட்டியலா, ரயில் பயணமா, அடுக்களையா: மலேசியாவை வீட்டிலேயே கற்பிக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் புவியியல் தனிப் பாடமாக இல்லை. வரலாறு நான்காம் ஆண்டில் தொடங்குகிறது; புவியியலோ இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்தில்தான் வருகிறது. ஆகவே பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோருக்கு, ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஆண்டுகளில், நாட்டைப் பற்றிய பாடத்தைத் தம் விருப்பப்படி வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. (தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம் என்பதால், வீட்டுக் கல்வியை நாடுவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற்றாக வேண்டும், அது வேறு பேச்சு.)

பினாங்கில் இவ்வழியில் கற்பிக்கும் தமிழ்க் குடும்பங்களிடையே நான்கு முறைகள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. மேசையில் அமர்ந்து வரைபடமும் ஒட்டுப்படத் தொகுப்பும் செய்வது ஒன்று; மாநிலத்துக்கு ஒரு பண்டமாக வீட்டில் சமைப்பது மற்றொன்று; நடந்தும் ரயிலேறியும் இடங்களை நேரில் காண்பது மூன்றாவது; பண்டிகைகளையும் பொது விடுமுறைகளையும் பற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் பாடத்தை நகர்த்துவது நான்காவது. நேரமும் பணமும் தாராளமாக உள்ளவர்கள் நான்கையும் செய்யலாம். வேலைக்கும் சென்றுகொண்டு பிள்ளைக்கும் கற்பிப்பவர்களால் அது இயலாது. அவர்கள் ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றவற்றை அதற்குத் துணையாக அமைத்துக்கொள்ள வேண்டியவர்கள். எதை முதன்மையாக்குவது என்று முடிவு செய்வதற்காகவே இந்த ஒப்பீடு.

ஒப்பிடுவதற்கு இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். முதலாவது, அந்த முறை நிலத்தையும் மக்கள் வாழ்க்கையையும் காரண காரியமாக இணைக்கிறதா என்பது. மாநிலத் தலைநகரங்களை ஒப்பிப்பது ஒரு நாளும், பாரம்பரிய உடைகளுக்கு வண்ணம் தீட்டுவது இன்னொரு நாளுமாகப் பிரிந்து நடந்தால் பிள்ளைக்கு இரண்டும் தகவலாகவே தங்கிவிடும். “இது ஏன் இங்கே இருக்கிறது, அங்கே ஏன் இல்லை?” என்று பிள்ளையே கேட்கும் நிலைக்கு எந்த முறை விரைவில் கொண்டு செல்கிறதோ அதுவே பயனுள்ளது. இரண்டாவது கேள்வி, அந்த முறை தென்சீனக் கடலைத் தாண்டுகிறதா என்பது. மலேசியாவின் 13 மாநிலங்களில் சபாவும் சரவாக்கும் மட்டுமே நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கொண்டிருக்கின்றன. ஆனால் பினாங்கில் வளரும் பிள்ளைக்கு அவ்விரண்டும் வானிலை அறிக்கையில் வரும் பெயர்கள் மட்டுமே.

வெளிநாடுகளில் தயாராகி இணையத்தில் விற்கப்படும் ‘மாதம் ஒரு நாடு’ பயிற்சித் தொகுப்புகளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அவற்றில் மலேசியா என்றால் இரட்டைக் கோபுரம், செம்பருத்தி, ஓராங் ஊத்தான் என்று முடிந்துவிடும். ஓராங் ஊத்தான் காட்டில் வாழ்வது சபாவிலும் சரவாக்கிலும்தான், தீபகற்பத்தில் இல்லை என்கிற அடிப்படைப் புவியியல்கூட அவற்றில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

வரைபட வேலையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு உப்பு, பிசையத் தேவையான தண்ணீர். இதைக் கொண்டு அட்டையின்மேல் தித்திவங்சா மலைத்தொடரை எழுப்பி, கினபாலு மலையை அதைவிட உயரமாகப் பிடித்து வைப்பது சிறுவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை. தீபகற்பத்தின் உச்சியான தகான் மலை 2,187 மீட்டர், கினபாலு 4,095 மீட்டர் என்ற எண்கள் விரலின் வழியாகவே மனத்தில் பதிந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த மாவு காய்வதற்குப் பல நாள்கள் ஆகும் என்பதையும், காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் வாரத்தைப் பார்த்துச் செய்வது நல்லது.

வரைபடத்தின் உண்மையான வலிமை தூரத்தை உணர்த்துவதில் இருக்கிறது. ஒரு நூலை எடுத்து ஜார்ஜ் டவுனில் ஒரு முனையைப் பொருத்திச் சுற்றிக் காட்டினால், சுமத்திராவின் மேடான் நகரம் நமக்கு ஜொகூர் பாருவைவிட மிக அருகில் இருப்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், கோத்தா கினபாலுவுக்கு இரண்டரை மணி நேரம் என்பதையும் அதே நூலால் விளக்கலாம்; இடப் பற்றாக்குறையால் சபாவையும் சரவாக்கையும் ஒரு மூலையில் சிறு கட்டத்துக்குள் அடக்கிவிடும் சுவர்ப் படங்கள் உண்டாக்கும் பிழையான எண்ணத்தை இது திருத்துகிறது. எனினும் பண்பாட்டைப் பொறுத்தவரை வரைபடம் ஊமை. அதன்மேல் ஒட்டப்படும் உடைகளும் கொடிகளும் எங்கிருந்தோ வெட்டி எடுக்கப்பட்டவை. நிலத்திலிருந்து விளைந்தவை அல்ல.

அடுக்களை இதற்கு நேர்மாறானது. அங்கே பண்பாடு நிறைய இருக்கிறது, இடம்தான் நழுவிப்போகிறது. லக்சா என்ற நூடுல்ஸ் உணவை எடுத்துக்கொண்டால், பினாங்கில் அது கானாங்கெளுத்தி மீனும் புளியும் புதினாவும் சேர்ந்த புளிப்புக் குழம்பு. சரவாக்கில் இறாலும் தேங்காய்ப்பாலும் முட்டைக் கீற்றும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் சுருட்டிய அரிசி மாவுப் படலத்தின்மேல் வெள்ளைத் தேங்காய்ப்பால் குழம்பு. ஜொகூரிலோ இத்தாலிய ஸ்பகெட்டி. ஒரே பெயர், ஒன்றுக்கொன்று ஒட்டாத கிண்ணங்கள். இவற்றைச் சமைத்துச் சாப்பிட்ட பிள்ளை சுவையை மறக்காது. ஆனால் சில மாதங்கள் கழித்து எந்தக் கிண்ணம் எந்த மாநிலத்துடையது என்று கேட்டால் தடுமாறும்.

காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் இந்தக் குறை ஓரளவு நீங்கும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் சிறு படகுகள் வெளியே போக முடிவதில்லை. அத்தகைய கரையில் நெத்திலியை உப்பிட்டு ஊறவைத்துச் செய்யும் ‘புடு’ என்ற மீன்சாறு முக்கிய உணவுப் பொருளாக இருப்பதில் வியப்பில்லை என்று விளக்கும்போது உணவே புவியியலாகிறது. பெற்றோர் இதையெல்லாம் முன்கூட்டியே படித்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் அது சமையல் வகுப்பாகவே நின்றுவிடும். இன்னொரு சிக்கல் நம் வீடுகளுக்கே உரியது. மேலே சொன்ன லக்சாக்களில் மீனோ இறாலோ இல்லாதது அரிது என்பதால் சைவக் குடும்பங்கள் இந்த வழியில் வெகுதூரம் போக இயலாது. சங்குப்பூவின் நீலத்தில் வேகவைத்த கிளந்தானின் நாசி கெராபுச் சோற்றை மீனில்லாமல் செய்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அடுக்களையே முதன்மையாக இருப்பது சரி என்பது என் கருத்து. அந்த வயதில் மாநில எல்லை என்பது பொருளற்ற கோடு. கையும் நாக்கும்தான் பாடப் புத்தகம்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பினாங்குக் குடும்பங்களுக்கு இதில் வேறெந்த ஊராருக்கும் கிடைக்காத வசதி உண்டு. ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு காலைப்பொழுதில் நடந்தால், 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவான குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசல் ஆகியவற்றைக் காண முடியும். புலாவ் திக்குஸ் பகுதியின் பர்மா சந்தில் சயாமிய பௌத்தக் கோயிலும் பர்மிய பௌத்தக் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. இவையெல்லாம் இவ்வளவு நெருக்கமாக ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை நிலத்தில் இல்லை, கடலில் இருக்கிறது. மலாக்கா நீரிணையின் வடவாயிலில், மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் முதலில் தொடும் இடத்தில் 1786இல் பிரிட்டிஷார் துறைமுகம் அமைத்தனர். வணிகக் கப்பல்கள் யாரையெல்லாம் இறக்கிவிட்டனவோ அவர்கள் எல்லாரும் கோயில் கட்டினர். பட்டர்வொர்த் படகில் ஏறி நீரிணையைக் கடக்கும்போது இதைச் சொன்னால் பிள்ளைக்கு உடனே விளங்கும். சுவரோவியங்கள் உள்ள தெருக்களை அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்; படம் எடுத்தே பொழுது போய்விடும்.

ஆனால் ஜார்ஜ் டவுன் மலேசியா அல்ல. துறைமுக நகரத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை, நாடு முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதற்கு மாற்று, பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ வரையிலான ரயில் பயணம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும் இந்தத் தடம், நாட்டின் மேற்குக் கரை உருவான வரலாற்றை வரிசை மாறாமல் சன்னலில் காட்டிக்கொண்டு போகிறது. பாரிட் புந்தார், பாகான் செராய் பகுதியில் கிரியான் வட்டாரத்தின் நெல்வயல்கள். அடுத்து, அந்த வயல்களுக்கு நீர் தருவதற்காக உருவாக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம். தண்டவாளம் அந்த ஏரியின் நடுவே போகிறது என்பதால் பிள்ளைகள் இருபுறச் சன்னல்களுக்கும் ஓடுவார்கள். பிறகு தைப்பிங், அதைத் தாண்டியதும் மலையைக் குடைந்த நீண்ட சுரங்கப்பாதை, கோலகங்சார், கடைசியில் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள்.

தைப்பிங்கில் இறங்கி ஒரு நாள் தங்குவது இன்னும் நல்லது. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகமான பேராக் அருங்காட்சியகம் 1883 முதல் அங்கே இருக்கிறது. ஏரிப் பூங்கா முன்னாள் ஈயச் சுரங்கம். நாட்டின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போடப்பட்டதன் காரணமும் ஈயம்தான். மலைத்தொடரின் கருங்கல் பாறையில் பிறந்த ஈயத்தாது, மழையால் அரிக்கப்பட்டு மேற்குச் சரிவின் அடிவாரத்து வண்டல் மண்ணில் குவிந்தது. அதைத் தோண்ட சீனர்கள் திரண்டனர். அதை ஏற்றிச் செல்ல ரயிலும் சாலையும் வந்தன. போக்குவரத்து இருந்த நிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பரவின. பால்மரம் வெட்டத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டனர். 1877இல் நடப்பட்ட ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. பாறையில் தொடங்கித் தன் பாட்டியின் தோட்டத்து லயம் வரை வரும் இந்தச் சங்கிலியைப் பிள்ளை ஒருமுறை பிடித்துக்கொண்டால், தமிழர்கள் ஏன் மேற்குக் கரையில் இருக்கிறார்கள், கிழக்குக் கரையில் ஏன் மிகக் குறைவு என்பதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழகத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பலில் வந்தவர்களின் நினைவுகள் குடும்பத்தில் இருந்தால், அவற்றைக் கேட்டு எழுதவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது.

இவ்வளவு இருந்தும் பயணத்தை முதன்மையாக்க நான் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ரயில் கட்டணம், உணவு, தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் சில நூறு ரிங்கிட் ஆகிவிடும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பயணங்களுக்கு மேல் எல்லாருக்கும் இயலாது. இடைப்பட்ட மாதங்களில் பாடம் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது கேள்வியில் இந்த முறை தோற்கிறது. ரயில் கடலைக் கடப்பதில்லை. விமானக் கட்டணமோ பலருக்கு எட்டாதது.

நான்காவது முறை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் பொது விடுமுறைப் பட்டியல், மாநில எல்லைகள் மட்டும் வரையப்பட்ட வெற்று வரைபடத்தின் படிகள், வண்ணப் பென்சில்கள். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் மெல்லிய டிரேசிங் தாளில் ஒரு வரைபடத்தை எடுத்து, அன்று விடுமுறை உள்ள மாநிலங்களுக்கு மட்டும் பிள்ளை வண்ணம் தீட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் தாள்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

தைப்பூசத்தன்று பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றுக்கு வண்ணம் விழும். கெடாவில் அது ஆண்டுதோறும் தனியாக அறிவிக்கப்படும் விடுமுறை என்பதால் கோடு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தாளை உற்றுப் பார்த்தால், ரயில் பயணத்தில் சொன்ன ஈயமும் ரப்பரும் போட்ட தடமே ஏறத்தாழ வடக்கிலிருந்து தெற்காகத் தெரியும். மலாக்கா மட்டும் நடுவில் வெள்ளையாக நிற்கும். நாட்டின் மிகத் தொன்மையான இந்துச் சமூகங்களில் ஒன்றான மலாக்கா செட்டிகள் வாழும் மாநிலத்தில் இந்த விடுமுறை ஏன் இல்லை என்று பிள்ளை கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் நிலமே விடை சொல்லிவிடாது என்று அது தெரிந்துகொள்வதும் பாடம்தான். தீபாவளித் தாளில் சரவாக் தவிர மற்றெல்லா மாநிலங்களும் நிறைந்துவிடும்.

ஜனவரி 1ஆம் தேதித் தாள் இன்னும் சுவையானது. அன்று பெர்லிஸ், கெடா, கிளந்தான், திரங்கானு, ஜொகூர் ஆகிய ஐந்து மாநிலங்களில் விடுமுறை இல்லை. பிரிட்டிஷார் 1896இல் உருவாக்கிய மலாய்க் கூட்டமைப்பில் சேராமல் தனித்து நின்ற ஐந்து மாநிலங்களும் இவையே. பினாங்கின் நிலப்பகுதியான செபராங் பிறையின் வட எல்லையான மூடா ஆற்றைக் கடந்து கெடாவுக்குள் நுழைந்தால் வார விடுமுறையே வெள்ளி, சனி என்று மாறிவிடுவதை நம் பிள்ளைகள் பழக்கத்தில் அறிவார்கள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் அப்படியே. ஜொகூர் 2025 தொடக்கத்தில்தான் சனி, ஞாயிறுக்கு மாறியது. நூறாண்டுக்கு முந்தைய அரசியல் எல்லையின் சுவடு இன்றைய நாட்காட்டியில் தெரிவதை ஒன்பது வயதுப் பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கிறது என்றால், அதற்கு ஈடாக எந்த ஒட்டுப்படத் தொகுப்பையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கடலைத் தாண்டும் கேள்விக்கும் இந்த முறையே விடை வைத்திருக்கிறது. மே 30, 31 தேதிகளில் சபாவும் லாபுவானும் காமாத்தான் அறுவடை விழாவுக்காக விடுமுறை விடுகின்றன. ஜூன் 1, 2 தேதிகளில் சரவாக் தன் அறுவடைத் திருநாளான காவாயைக் கொண்டாடுகிறது. பெரிய வெள்ளிக்கும் இந்த இரண்டு மாநிலங்களிலும் விடுமுறை. தீபகற்பத்துத் தாள்கள் காலியாக இருக்கும் நாள்களில் கடலுக்கு அப்பால் வண்ணம் விழுவதைப் பார்க்கும் பிள்ளை, அங்கே வேறு வாழ்க்கை நடக்கிறது என்பதை முதன்முறையாக உணர்கிறது. சபாவின் கடாசான் டூசுன் மக்களிடையே, பஞ்ச காலத்தில் படைப்புக் கடவுளான கினோயிங்கான் தன் மகள் ஹுமினோடுனைப் பலியிட, அவள் உடலிலிருந்து நெல் முளைத்தது என்றொரு தொன்மக் கதை உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் பொங்கலோடு ஒப்பிடவைக்கலாம். நாம் பினாங்கில் தை முதல் நாளில் பொங்கலிடுகிறோம். ஆனால் அந்தத் தேதி காவிரிப் படுகையின் சம்பா அறுவடைக்கு உரியது, பக்கத்திலிருக்கும் கெடாவின் வயல்களுக்கு உரியதன்று. மூடா பாசனத் திட்டம் வந்ததிலிருந்து கெடாச் சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. காமாத்தான் தான் பிறந்த மண்ணின் அறுவடையைக் கொண்டாடுகிறது, நம் பொங்கல் முன்னோர் விட்டுவந்த மண்ணின் அறுவடையை. இடம்பெயர்ந்த சமூகத்துக்கும் மண்ணின் மக்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாகவும் மரியாதையாகவும் விளக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 என்று நாட்டுக்கு இரண்டு பெருநாள்கள் இருப்பதன் காரணமும் அதே தாள்களில் கிடைக்கும். மலாயா விடுதலை பெற்றது 1957இல், சபாவும் சரவாக்கும் சேர்ந்து மலேசியா அமைந்தது 1963இல்.

இம்முறைக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. பிறை பார்த்து அமையும் நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் பதினோரு நாள்கள் முன்னதாக வருவதால், சென்ற ஆண்டின் பாடத் திட்டத்தை அப்படியே திருப்பிப் பயன்படுத்த முடியாது. ஆண்டின் சில மாதங்களில் விடுமுறைகள் நெருக்கியடிக்கும், சில மாதங்கள் வெறிச்சென்று கிடக்கும். அந்த வெற்று மாதங்களுக்குத்தான் மாவு வரைபடத்தையும் லக்சாவையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இதைவிடப் பெரிய குறை, விடுமுறை இல்லாத மக்கள் இந்தத் தாள்களில் தோன்றவே மாட்டார்கள் என்பது. தீபகற்பத்தின் மூத்த குடிகளான ஓராங் அஸ்லி மக்களில் அரசு 18 பிரிவுகளை அங்கீகரித்திருக்கிறது. அவர்களுடைய எந்தத் திருநாளும் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. கேரித் தீவின் மா மேரி மக்கள் முன்னோரை வணங்கும் ஹாரி மோயாங் போன்ற நாள்களுக்குப் பெற்றோரே முனைந்து ஒரு தாளைச் சேர்க்க வேண்டும். பட்டியலில் இருப்பவர்களை மட்டும் கற்பிப்பது முழு நாட்டைக் கற்பிப்பதாகாது.

எனவே எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு விடுமுறைத் தாள்களையே ஆண்டின் முதன்மைப் பாடமாகவும், ஒரே ஒரு ரயில் பயணத்தை அதற்கு உறுதுணையாகவும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. பயணத்தைத் தைப்பூசத் தாளுக்கு வண்ணம் தீட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி மனத்தில் எழுந்த பிறகு சன்னலோரம் அமர்வதற்கும், கேள்வியே இல்லாமல் அமர்வதற்கும் வேறுபாடு அதிகம். வாரக் கடைசியில்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஜார்ஜ் டவுன் நடையை மட்டும் வைத்துக்கொண்டு ரயிலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம், குறையொன்றும் நேர்ந்துவிடாது.

பன்னிரண்டு வயதை நெருங்கி, அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் சேரவிருக்கும் பிள்ளைக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றுவேன். முதல் படிவப் புவியியலில் திசையும் அளவுகோலும் வரைபடக் குறியீடுகளும் உடனே தேவைப்படும் என்பதால், அந்த ஓர் ஆண்டில் வரைபடமே முன்னால் வரட்டும். அப்போதும் மாவையும் பசையையும் விட்டுவிட்டு, அளவுகோலோடு அச்சிட்ட நல்ல வரைபடம் ஒன்றை வாங்கி, சேர்த்துவைத்த விடுமுறைத் தாள்களில் உள்ள மாநில எல்லைகள் எவ்வளவு சரியாக வரையப்பட்டிருக்கின்றன என்று பிள்ளையையே அளந்து திருத்தச் சொல்லலாம்.